திங்கட்கிழமை ஹம்மூதா

"ஹம்மூதா மறுபடியும் விழுந்துட்டானா? இவனுக்குச் சாகறதுக்கு வேற நேரமே கிடைக்காதா!"

வசீலா எரிச்சலோடு எழுந்தாள். புது ஆலிவ் எண்ணெயில் தோய்த்த முதல் ரொட்டித் துண்டு இன்னும் வாய்க்குப் போகவில்லை. அதற்குள் மேஸ்திரி முனவ்வர் விசில் ஊதிவிட்டார்.

ஸ்ஃபாக்ஸ் ஊருக்கு வெளியே இருந்த அந்த எண்ணெய் ஆலையில் திங்கட்கிழமை தவறாமல் இந்தக் கூத்து நடக்கும். ஆலிவ் பிழிந்தபின் மிஞ்சும் கறுப்புத் தண்ணீர் தேங்குகிற ஆழமான குழிக்குள், ஓர் ஆள் கனத்துக்கு மணல் அடைத்த மூட்டையை இறக்கி வைத்திருப்பார் மேஸ்திரி. அதற்கு ஹம்மூதா என்று பெயரும் வைத்திருந்தார்.

விசில் கேட்டதும் வசீலா காற்று மெஷினைப் போட்டுக் குழாயைக் குழிக்குள் விட வேண்டும். இரண்டு பேர் குழிக்கு மேல், கயிறும் கப்பியும் தொங்கும் உயரமான இரும்பு முக்காலியை நிறுத்த வேண்டும். சக தொழிலாளி ஃபத்ஹி முகமூடியும் காற்று சிலிண்டரும் மாட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கி, மூட்டையைக் கட்டி மேலே அனுப்ப வேண்டும். எல்லாம் நாலு நிமிஷத்துக்குள். பசித்த வயிற்றுக்கு மணல் மூட்டையின் மேல் என்ன இரக்கம் வரும்?

"மேஸ்திரி, இவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க. பொண்டாட்டி பாத்துக்குவா, நாங்க நிம்மதியா சாப்பிடுவோம்" என்றான் வசீலாவின் தம்பி காஸி.

எல்லோரும் சிரித்தார்கள். முனவ்வர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலரை நிமிஷம். செத்துட்டான். திரும்ப இறக்குங்க."

"கல் நெஞ்சுக்காரன்" என்று முணுமுணுத்தாள் வசீலா, அவர் காதில் விழும்படியாகவே.

வியாழக்கிழமை காலை குழியில் இருந்த பம்பு அடைத்துக்கொண்டது. கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே, நாம் தின்கிற ஆலிவ் நம்மை என்ன செய்துவிடும் என்று காஸி யாரிடமும் சொல்லாமல் ஏணியில் இறங்கினான். பம்பைத் தொடக் குனிந்தவன் அப்படியே சுவரோரம் சரிந்து விழுந்தான்.

மேலிருந்து பார்த்த வசீலா அலறினாள். முதலில் ஓடிவந்தவர் முனவ்வர். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஏணியை வெளியே இழுத்துப் போட்டதுதான்.

"ஏணியை ஏன் எடுக்கறீங்க? என் தம்பி உள்ள கிடக்கான்!"

"யாரும் இறங்கக் கூடாது." இரண்டு கைகளையும் விரித்துக் குழியை மறித்து நின்றார்.

ஆலிவ் ஏற்றி வந்த லாரிக்காரன் சட்டையைக் கழற்றிக்கொண்டு பாய்ந்தான். "நீயெல்லாம் ஆம்பளையா? ஒருத்தன் சாகறான், வேடிக்கை பாக்கறியே!"

முனவ்வர் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிய தள்ளில் அவன் ஆலிவ் குவியலில் போய் விழுந்தான். அந்தக் கையைத்தான் வசீலா பிடித்துக் கடித்தாள். ரத்தம் வந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"கடிச்சுக்கோ. ஆனா குதிக்காதே. உள்ள இருக்கற காத்து விஷம். நீ குதிச்சா ரெண்டு பேரைத் தூக்கணும்." மறு கையால் விசிலை எடுத்து ஊதினார். "காத்து மெஷின், வசீலா! அது உன் வேலை!"

அப்புறம் நடந்தது அவளுக்கே புரியவில்லை. அழுதுகொண்டே இருந்தாள், ஆனால் கால்கள் ஓடின. கை பொத்தானை அழுத்தியது, குழாயைக் குழிக்குள் தள்ளியது. திரும்பிப் பார்த்தால் முக்காலி நின்றுகொண்டிருந்தது. ஃபத்ஹி முகமூடியோடு இறங்கிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமைகளில் கேலி பேசிக்கொண்டு தடுமாறிய அதே கைகள், இன்றைக்கு ஒரே உடம்பின் கைகள் போல வேலை செய்தன. அத்தனை பயத்திலும் வசீலாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதெல்லாம் நமக்குத் தெரியும் என்பதே நமக்குத் தெரியாமல் இருந்ததே என்று வியந்து போனாள்.

கயிறு ஏறியது. காஸி வந்தான். உதடெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. முனவ்வர் மண்டியிட்டு அவன் முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடியை வைத்துப் பிடித்தார்.

காஸி இருமினான்.

"அல்ஹம்துலில்லாஹ்!" லாரிக்காரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மூணு நிமிஷம் அம்பது செகண்டு" என்றான் முக்காலியைப் பிடித்திருந்தவன், தன் கடிகாரத்தைத் தானே நம்பாமல்.

அடுத்த திங்கட்கிழமை வசீலா பேரீச்சம்பழம் வைத்த இனிப்போடு வேலைக்கு வந்தாள். காஸி ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார்ந்து, சாப்பாட்டில் காரமே இல்லை என்று நர்சுகளோடு சண்டை போட ஆரம்பித்திருந்தான். முனவ்வரின் கையில் கட்டு இருந்தது.

"மன்னிச்சிடுங்க மேஸ்திரி. கடிச்சதுமில்லாம, கல் நெஞ்சுன்னு வேற சொன்னேன்."

"விடும்மா. அந்த நேரத்துல யாரா இருந்தாலும் கடிப்பாங்க. நானும் கடிச்சிருக்கேன்."

"நீங்களா?"

"இதே குழிதான். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. உள்ள விழுந்தவனைத் தூக்க ரெண்டு பேர் குதிச்சாங்க. மூணு பேருமே வரலை. நாலாவதா நான் குதிக்கப் போனேன். யாரோ ஒரு லாரிக்காரர் கட்டிப் பிடிச்சு நிறுத்திட்டாரு. அவர் கையைத்தான் கடிச்சேன். ரொம்ப வருஷம் அவரைச் சபிச்சுக்கிட்டும் இருந்தேன்."

"முதல்ல விழுந்தது யாரு?"

முனவ்வர் விசிலைச் சட்டையில் துடைத்தார். நேரமாகிவிட்டது. குழிக்குள் மூட்டை தயாராகக் கிடந்தது.

"என் அண்ணன், ஹம்மூதா. அன்னைக்கு அவனைத் தூக்கத் தெரிஞ்ச ஆள் இங்க ஒருத்தரும் இல்லை. இப்பல்லாம் திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை பத்திரமா மேல வந்துடறான்."