பூனைப் பூஞ்சை

“லேப் ரிப்போர்ட் வரட்டும். வந்த அன்னைக்கே நீயோ உன் பூனையோ, ரெண்டுல ஒண்ணு வெளிய போகணும்!”

வீட்டு ஓனர் படியில் நின்று, மாடியில் குடியிருந்த டீச்சரைப் பார்த்துக் கத்தினார். கத்தும்போதே ஒரு கை சட்டைக்குள் போய் நெஞ்சைச் சொறிந்தது.

கழுத்து, நெஞ்சு, முழங்கை மடிப்பு என்று வட்ட வட்டமாகப் படை. மருந்துக்கடையில் வாய்க்கு வந்ததைக் கேட்டு வாங்கி, நாலு விதக் களிம்பு பூசியாகிவிட்டது. எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் தோல் டாக்டரம்மா கொஞ்சம் சுரண்டியெடுத்து லேபுக்கு அனுப்பினார். அங்கே அதை வளர்த்து, என்ன பூஞ்சை, எதிலிருந்து ஒட்டியது, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துச் சொல்வார்களாம்.

“சார், என் பூனை மாடியை விட்டே இறங்காதே.”

“பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமா? இந்தக் காம்பவுண்டுல இருக்கறது ஒரே பூனை. அது உன்னுது. அதையும் டெஸ்ட் பண்ணு. மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கு? அப்புறம், கார் ஷெட் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது. எலிமருந்து வெச்சிருக்கேன்.”

பாவம், டீச்சருக்குப் பயம்தான். பூனை வளர்க்கிறவளுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? இந்த வீடு கிடைக்கவே செருப்புத் தேய அலைந்திருந்தாள். அதற்காகப் பூனையைத் தெருவில் விடவும் மனசு வராது.

டாக்டரம்மா சொன்னபடி, புது டூத் பிரஷால் பூனையை வாரி, உதிர்ந்த முடியோடு பிரஷை லேபில் கொடுத்தாள். பூனை கோபித்துக்கொண்டு அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ரிப்போர்ட் வந்த அன்று, தீர்ப்பை நேரிலேயே கேட்கட்டும் என்று ஓனர் அவளையும் கையோடு கூட்டிப்போனார்.

“நீங்க பூசின மருந்து எல்லாத்துலயும் இது ஜம்முனு வளர்ந்திருக்கு” என்றார் டாக்டரம்மா. “ஒரே ஒரு மாத்திரைக்குத்தான் அடங்குது. எழுதித் தர்றேன்.”

“அது கிடக்கட்டும். எங்கேருந்து வந்துச்சு?”

“பூனைகிட்டேயிருந்து.”

ஓனர் மேசையைத் தட்டினார். “கேட்டியாம்மா? மூட்டையைக் கட்டு!”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இருங்க சார், நான் இன்னும் முடிக்கல. இவங்க பூனை முடியில ஒண்ணுமே வளரல. அது சுத்தம். இது வேற பூனை.”

“வேற பூனையா? என்னைக் கேக்காம என் காம்பவுண்டுக்குள்ள எறும்புகூட நுழையாது!”

“கேட்டுட்டு நுழைஞ்சதோ என்னவோ! கழுத்து, நெஞ்சு, கை மடிப்பு... கைக்குழந்தையைத் தூக்கி வெச்சுக்கற இடமாப் பார்த்து வந்திருக்கே?”

ஓனர் அவசரமாகச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

“எனக்குப் பூனைன்னாலே ஆகாது” என்றார், சுவரைப் பார்த்து.

“உங்களுக்கு ஆகுமோ ஆகாதோ, அந்தப் பூனைக்கும் வைத்தியம் பார்க்கணும். இல்லாட்டி திரும்பத் திரும்ப ஒட்டிக்கும். நீங்க முழுங்கற மாத்திரையெல்லாம் வீண்.”

இருவரும் வீடு திரும்பினார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சார்... நான் காலி பண்ணணுமா?”

அவர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஷெட்டைத் திறந்தார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

“ஏம்மா, உனக்குத்தான் தெரியும். பூனைக்கு மாத்திரை எப்படிக் கொடுக்கறது? உள்ள அஞ்சு பூனை இருக்கு.”