குறட்டை விட்டது யார்?

“நாளைக்கு அந்த ஆளை நீங்க எழுப்புறீங்களா, இல்ல நான் எழுப்பட்டுமா?”

பேங்க் மேனேஜர் கேட்டேவிட்டார். வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். குறட்டைக்காரர் மட்டும் முகமெல்லாம் மலர, “வர்றேங்க, வர்றேங்க” என்று எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு அப்போதுதான் இறங்கிப் போயிருந்தார்.

“இருந்துட்டுப் போகட்டுமே சார்” என்றார் டீச்சர்.

“இது தியான வகுப்பா, லாட்ஜா டீச்சர்?”

எல்லோரும் சிரித்தார்கள். மருந்துக்கடை அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

அவள் மனசு அப்படி. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அவளுக்கு உண்மையான வேலையே ஆரம்பிக்கும். அந்தத் தடிக் கண்ணாடிக்காரருக்கு சர்க்கரை மாத்திரையைச் சரியாகத்தான் கொடுத்தோமா? ரெண்டு அட்டையும் ஒரே நிறமாச்சே! விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அன்றைக்கு ராத்திரி வேறு ஒருத்தர் வந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொள்வார்.

“நீயும் தூங்க மாட்டேங்கிறே, என்னையும் தூங்க விடமாட்டேங்கிறே” என்று கணவன்தான் அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தான்.

டயர் கடைக்கு மேலே ஒரு ஹால். “எண்ணம் வந்தா விரட்டாதீங்க. வந்துட்டுப் போகட்டும். நீங்க மறுபடியும் மூச்சுக்கு வாங்க” என்பார் டீச்சர். தட்டுத்தடுமாறி அவள் மூச்சுக்கு வந்து சேரும் நேரத்தில், பின்வரிசையில் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துவிடும். வகுப்பில் குறட்டைக்காரருக்கு அதுதான் பெயர். குறட்டையோடு மாத்திரைகளும் ஊர்வலம் கிளம்பிவிடும்.

மறுநாள் ஒரு முடிவோடுதான் வந்தாள். குறட்டை ஆரம்பித்ததும் தோளைத் தட்டி, ‘வீட்டுல போய்த் தூங்குங்கண்ணே’ என்று நறுக்கென்று சொல்லிவிட வேண்டியது.

கீழ்ப்படியில் ஒரு பெண், தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, மேல வகுப்புக்குத்தானே போறீங்க? எங்க வீட்டுக்காரரு நேத்து நல்லாத் தூங்கினாராக்கா?”

“யாரு உங்க வீட்டுக்காரரு?”

“பின்னாடி, சுவரோரமா உட்காருவாரே.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. “அவர் தூங்குறது உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா அனுப்புறீங்க?”

“ரயில் ஓட்டுறவருக்கா அவர்.” குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “ஒருநாள் தண்டவாளத்துல ஒருத்தர் வந்து நின்னுட்டார். பஸ்ஸா இருந்தா ஒடிச்சுத் திருப்பியிருப்பார். ரயிலை எந்தப் பக்கம்க்கா திருப்புறது?”

அக்கா அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

“அதுலேருந்து வீட்டுல பொட்டுத் தூக்கம் கிடையாது. கண்ணை மூடினா அலறியடிச்சு எழுந்துடுவார். இங்க வந்து, பக்கத்துல நாலு பேரு மூச்சு விடுற சத்தத்தைக் கேட்டாத்தான் மனசு அடங்குதாம். தியானம் பண்றதாத்தான் அவர் நினைச்சுட்டிருக்கார். தூங்குறோம்னு தெரிஞ்சா கூனிக்குறுகி, வர்றதையே விட்டுடுவார். டீச்சருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிடாதீங்கக்கா.”

அக்கா மாடி ஏறிப் போய்த் தன் பாயை விரித்தாள்.

கண்ணை மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் குறட்டை ஆரம்பித்தது. நடுவரிசையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் ‘உச்’ கொட்டினார்.

அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. முதன்முதலாக அந்தச் சத்தத்தை உட்கார்ந்து கேட்டாள். ஏறியது, இறங்கியது. நடுவில் ஒருமுறை நின்றபோது இவளுக்குப் பகீரென்றது. எழுந்துவிட்டாரோ? மறுபடியும் ஏறியதும் இவளுக்கும் மூச்சு வந்தது. தூங்குங்கண்ணே, தூங்குங்க.

டீச்சர் மணி அடித்தபோதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் ஒரு மாத்திரைகூட நினைவுக்கு வரவில்லை.

அன்றைக்கென்று பார்த்து, முன்வரிசையில் புதிதாகச் சேர்ந்திருந்த போட்டோகிராபர் கையைத் தூக்கினார்.

“தப்பா நினைக்காதீங்க டீச்சர். இங்க யாரோ செம குறட்டை. பின்னாடியிருந்துதான்னு நினைக்கிறேன்.”

பின்வரிசையில் இருந்தவர் நிமிர்ந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மலர்ந்திருந்த முகம் மெல்லச் சுருங்கியது.

“நானாங்க?” என்றார் மெதுவாக.

டீச்சர் ஏதோ சொல்ல வந்து திணறினார். அதற்குள் மேனேஜர் வேட்டு மாதிரி எழுந்து நின்றார்.

போச்சு, தொலைந்தது என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“நான்தாங்க” என்றது மேனேஜரின் குரல். “மன்னிக்கணும். எங்க வீட்டுலயும் தினம் இதே பஞ்சாயத்துதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ரயில் ஓட்டுபவர்தான் பலமாகச் சிரித்தார். “அட, நீங்களா சார்! எனக்குச் சத்தமே கேக்கலை. நாளைக்குப் பார்ப்போம் சார்” என்று பாயைச் சுருட்டிக்கொண்டு சந்தோஷமாக இறங்கிப் போனார்.

அவள் மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்தப் பொண்ணு உங்ககிட்டயும் சொல்லிட்டாளா சார்?”

“எந்தப் பொண்ணும்மா?” என்றார் மேனேஜர். “அந்த மனுஷன் முகம் போன போக்கை நீங்க பாக்கலையா?”