நூல் அவிழ்க்காத சாவி

"ஒரு கீறல் இல்ல. பெயின்ட் உதிரல. சாவியில கடைக்காரன் கட்டின நூல்கூட அப்படியே இருக்கு!"

சொன்னவர் அருங்காட்சியக அதிகாரி. கூடத்தில், திறந்த பெட்டிகளுக்கு நடுவே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். சோபாவில் மகளும் மாப்பிள்ளையும். மேசையை ஒட்டிய நாற்காலியில் பெரியவர். வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போகிறார் அவர். சாவி கொடுத்தால் ஓடும் அவருடைய சிறுவயதுத் தகர ரயில்களுக்கு அங்கே இடமில்லை.

"கண்ணாடிப் பேழையில வச்சு, கீழே உங்க பேரைப் பொறிச்சிடுறோம் ஐயா."

"ஓட விடுவீங்களா?"

"ஐயோ! யாரையும் தொடவே விடமாட்டோம்," என்றார் அதிகாரி பெருமையாக.

"அப்ப கிளம்புங்க."

மாப்பிள்ளை நெளிந்தார். "மாமா, வலிய வர்ற சீதேவியை எட்டி உதைக்கிறீங்களே!"

"ஆசையா இருந்தா நீங்க போய்க் கண்ணாடிக்குள்ள உட்காருங்க மாப்பிள்ளை."

பெரியவர் மேசைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினார். எழுதியதை வாய்விட்டே படித்தார்.

"குழந்தைகள் மருத்துவமனைத் தலைமைச் செவிலியர் அவர்களுக்கு, வணக்கம். என் ரயில்கள் அனைத்தையும் தங்கள் வார்டுக்கே தருகிறேன். நிபந்தனை ஒன்றுதான். தினமும் ஓட வேண்டும். உடைந்தால் வருத்தம் தெரிவிக்கத் தேவையில்லை."

"ஒரே வாரத்துல சுக்குநூறாக்கிடுவாங்கப்பா!" மகள் பதறினாள். "சின்ன வயசுல எப்படிப் பொத்திப் பொத்தி விளையாடியிருப்பீங்க! தூக்கிக் கொடுக்க எப்படி மனசு வருது?"

பெரியவர் கடிதத்தை மடித்து ஓர் உறையில் போட்டார். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, அதிகாரியிடம் நீட்டினார்.

"போற வழியில தபால் பெட்டியில போட்டுடுங்க சார்."

பிறகு குனிந்து எஞ்சினை எடுத்தார். சாவியில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"யாரும்மா விளையாடினா? வாங்கின அன்னைக்கே 'தொடாதே'ன்னு அலமாரியில வச்சுப் பூட்டிட்டாரு எங்கப்பா. அவரு போயும் அந்தப் பயம் போகல. இது ஓடி நானே இதுவரைக்கும் பார்த்ததில்ல... தள்ளுங்க சார், வண்டி வருது!"