சாரி-ஷகான் மீன்

சாரி-ஷகான் நிலையத்தில் ரயில் நின்றதும் முதலில் பெட்டிக்குள் ஏறியது மீன் வாசனைதான். பல்காஷ் ஏரி மீன். புகைபோட்டு, கொழுப்பு மினுங்க.

மர்லென் தன் டப்பாவைத் திறந்தான். உப்பில்லாமல் அவித்த கோழி. வெள்ளரிக்காய்.

அல்மாட்டியில் ஏறியதிலிருந்து இதே கூத்துதான். எதிர் இருக்கை ரபிகா அம்மாள் துணி விரித்து, குதிரைக்கறி, வெண்ணெய், பொரித்த மாவு உருண்டை என்று பரப்பிவைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் ரொட்டியில் ஒரு விள்ளல் மட்டும் பிய்த்து வாயில் போட்டு மரியாதையைக் காப்பாற்றினான். தேநீரில் பாலும் வேண்டாமென்றான்.

"நரைச்ச தலையை வச்சுக்கிட்டு எங்கயாவது பொண்ணு பார்க்கப் போறியாப்பா? பேன்ட்டு இடுப்புல நிக்கல, பாரு."

அவள் புருஷன் சிரித்தார். மர்லெனும் சிரித்துவிட்டு இறங்கினான். ரயில் நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி வேகமாக நடப்பது இப்போது அவனுக்குப் பழக்கம்.

பெண்கள் பழைய குழந்தை வண்டிகளில் மீனை அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அவன் கால் தானாக நின்றது.

கரகண்டா சுரங்கத்தில் வேலையிலிருந்த அப்பாவைப் பார்க்க, சின்ன வயதில் கோடைதோறும் இதே ரயில், இதே நடைமேடை. அக்கா ஜௌரேஷ் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். ரயில் நகரும்வரை பேரம் பேசுவாள். அம்மா ஜன்னலிலிருந்து அலறுவாள்.

செய்தித்தாளை விரித்து இருவரும் மீனைக் கையாலேயே பிய்ப்பார்கள். முள்ளை யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி. ரயில் திரைச்சீலையில் விரலைத் துடைத்துவிட்டு, கண்டக்டர் அம்மா வந்து கத்தினால் அக்கா கூசாமல் அவனைக் கைகாட்டுவாள். அவனும் வாங்கிக்கட்டிக்கொள்வான். ஊர் போய்ச் சேரும்வரை தலையணையெல்லாம் மீன் மணக்கும்.

ஒன்று வாங்கினான்.

தோலை நகத்தால் கீறினான். கொழுப்பு விரலில் வழிந்தது. விரல் உதடுவரை போயிற்று.

ஃபோன் அடித்தது. அக்கா.

"சாரி-ஷகான் வந்துருச்சாடா?"

"இங்கதான் நிக்கிறேன்."

"மீன் தின்னியா?"

மர்லென் விரலைக் கைக்குட்டையில் துடைத்தான்.

"பின்னே, விடுவேனா? ஒண்ணை முழுசா முடிச்சாச்சு. அடுத்தது கையில இருக்கு."

அவள் சிரித்தாள். இப்போதெல்லாம் சிரித்தாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. "அப்படித்தான். வந்து சேர்ற வரைக்கும் வாயை மூடாதே."

ரயில் கிளம்புவதற்குள் ஏறிவிட்டான். மீனை ரபிகா அம்மாளிடம் நீட்டினான்.

"உனக்கு?"

"நாளைக்கு அஸ்தானாவுல எனக்கு ஸ்கேன். கல்லீரல்ல."

அவள் முகம் மாறியது. "உடம்புக்கு என்னப்பா?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

ஜன்னலில் ஏரி கூடவே வந்தது. கோழித் துண்டை எடுத்து மென்றான். அக்காவிடம் ஸ்கேன் பற்றி மூச்சுவிடவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போக வருவதாகத்தான் சொல்லியிருந்தான்.

போன குளிர்காலத்தில் டாக்டர் அவனுடைய ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இவ்வளவு கொழுப்பு படிந்த கல்லீரலில் பாதியை வெட்டி உங்கள் அக்காவுக்கு வைக்க முடியாது என்றார்.

தலைகுனிந்து கட்டிலருகே வந்து நின்றவனின் கன்னத்தை, கண்ணெல்லாம் மஞ்சளாய்ப் படுத்துக்கிடந்த ஜௌரேஷ்தான் தட்டினாள்.

"நல்லதாப் போச்சு. அப்படியே நல்லா தின்னுக்கிட்டே இரு."