ஒரே நட்டுக்குச் செய்த ஸ்பானர்

தங்கச்சி சாக்குப் பையிலிருந்து ஒவ்வொரு சாமானாய் எடுத்து என் முன்னால் தரையில் வைத்தாள்.

எல்லாம் அவள் புருஷன், அதாவது என் மச்சான், வண்டி வேலைக்கு வைத்திருந்தவை. அவன் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. தொழிற்பள்ளியில் ஒரு வாத்தியார் பழைய கருவிகளைக் கேட்டாராம். எது எதற்கு என்று சீட்டு எழுதிக் கட்டித் தர வேண்டுமாம்.

கேட்க ஆள் பிடித்தாள் பாருங்கள். மச்சானும் நானும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள்தான், ஆனால் நான் ஸ்பானரைத் தொட்டு எட்டு வருஷம் ஆகிறது. இப்போது ஒரு குடோனுக்குக் காவல் இருக்கிறேன்.

ஆனாலும் கை மறக்குமா? இது வால்வு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிப்பது. இது பிஸ்டன் வளையத்தை உடையாமல் விரிப்பது. நுனியில் ரப்பர் கிண்ணம் வைத்த இந்தக் குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டினால், வால்வு உட்காரும் இடம் வழவழவென்று ஆகும். பல் பிடுங்குகிறவர் வைத்திருப்பது போல ஒன்று இருந்தது. அது பிரேக் ஸ்பிரிங் மாட்டுகிற இடுக்கி.

அவள் பென்சில் முனையை எச்சில் தொட்டு எழுதிக்கொண்டே வந்தாள். கடைசியாக ஒன்றை வைத்தாள்.

“இது எதுக்குண்ணே?”

ஸ்பானர்தான். பாதியில் வெட்டி, நெருப்பில் காய்ச்சி, மேலே ஒரு வளைவு, பக்கவாட்டில் ஒரு வளைவு. எந்தக் கடையிலும் கிடைக்காது. சாதாரண ஸ்பானர் போகாத ஒரே ஒரு நட்டுக்காக மெக்கானிக் தானே செய்துகொள்வது.

எந்த நட்டு என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

ரொட்டி வண்டி. ஊரிலேயே அந்த மாடல் அது ஒன்றுதான். அதில் பிரேக் குழாய் நட்டு ஸ்டியரிங் ராடுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் ராடைக் கழற்றிவிட்டு, அரை நாள் மெனக்கெட்டு அதை இறுக்கினேன். மறுநாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் செத்துப்போனான். நட்டு லூசாக இருந்தது என்றார்கள்.

வேலை பார்த்தது நான். மச்சான் அந்த வண்டியைத் தொடவே இல்லை என்று பெற்ற மகள் மேல் சத்தியம் செய்தான். தங்கச்சியும் பக்கத்தில்தான் நின்றாள். ஊர் என்னைச் சொன்னது. நானும் நம்பினேன். அந்த டிரைவரின் மனைவி எதிரே வந்தால் இன்றைக்கும் வேறு தெருவில் புகுந்துவிடுவேன்.

ஸ்பானரைத் திருப்பினேன். பிடியில் ஒரு இடம் நசுங்கியிருந்தது. ராடில் முட்டிய தடம். முட்டி நின்றதும் நட்டு இறுகிவிட்ட மாதிரி கைக்குத் தோன்றும். ஆனால் இன்னும் அரைச் சுற்று பாக்கி இருக்கும்.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போன பிறகு, பிரேக் பெடல் கீழே இறங்குகிறது என்று டிரைவர் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்திருப்பான். மச்சான் ராடைக் கழற்றச் சோம்பல்பட்டு, இதைச் செய்து, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற நட்டைத் திறந்து மூடியிருக்கிறான். தூக்கிப் போடாமல் இத்தனை வருஷம் வைத்தும் இருந்திருக்கிறான், பாவி.

 வாயைத் திறந்தால் போதும், என் பேர் எனக்குத் திரும்பிவிடும். ஆனால் மகள் தலையில் புருஷன் பொய்ச் சத்தியம் செய்தான் என்பதை வைத்துக்கொண்டு இவள் மீதி நாளை ஓட்ட வேண்டும்.

“தெரியலம்மா. பழைய இரும்புல போடு.”

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“நல்லாப் பாருண்ணே. ஆஸ்பத்திரியில அவரு என் கையில குடுத்தது இது ஒண்ணைத்தான். ‘உங்கண்ணன்கிட்ட காட்டு, அவரு சொல்லுவாரு’ன்னாரு. வாத்தியாரும் கேக்கல, யாரும் கேக்கல. மத்ததெல்லாம் நானா அள்ளிட்டு வந்தேன்.”

ஒரு மாதமாய் இந்தக் கேள்வியோடு அவள் சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பானரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எதற்கென்றே தெரியாதவன் மாதிரி, ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.