டர்போ சின்னவனுக்கு

இன்ஜினை வேண்டுமென்றே தப்பாக ஓடவிட்டேன்.

தீப்பொறி விழுகிற டைமிங்கை நானே கலைத்து வைத்திருந்தேன். டொப்பு டொப்பென்று இருமியது. கேட்கவே காது கூசியது.

கூசட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் காதும் கூசட்டும் என்றுதானே இந்த வேலை.

அந்தப் பக்கம் என் தம்பி குணசீலன். நடுவில் எட்டடிச் சுவர். மூன்று வருடமாகப் பேச்சில்லை.

குணாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. எந்த இன்ஜின் தப்பாக ஓடினாலும் அவனால் சும்மா உட்கார முடியாது. சொந்தக் கல்யாணத்தில், மாலையும் கழுத்துமாக மண்டபத்து ஜெனரேட்டரைச் சரிபண்ணப் போன ஆள். தாலி கட்ட நேரமாகிறது என்று அவனைத் தேடிப் பிடித்து இழுத்துவந்தது நான்தான்.

இது ஒரு பழைய மாருதி 800 காரின் இன்ஜின். மாட்டுக் கொட்டகையைக் காலிசெய்து, நானும் அவனும் ஒன்றரை வருடம் இதோடு கிடந்தோம். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினோம், கழுவினோம், புது பிஸ்டன் போட்டோம்.

திருச்செங்கோட்டுப் பழைய இரும்புக் கடையில் ஒரு டீசல் கார் டர்போவைக் குணா கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். வெளியே போகிற புகையின் வேகத்திலேயே சுழன்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான். அதை மாட்டிவிட்டால் இந்தச் சின்ன வண்டி ஏற்காட்டு மலையைச் சிரித்துக்கொண்டே ஏறும் என்பான். முதல் தடவை யார் ஓட்டுவது என்று தினமும் சண்டை போடுவோம்.

நிஜச் சண்டை வேறொன்றுக்கு வந்தது. வரப்போரத்து நாலு தென்னை மரம். வெட்கக்கேடு, விடுங்கள்.

பாகம் பிரிக்க வந்த கந்தப்ப மாமாவுக்கு டர்போ என்றால் என்னவென்றே தெரியாது. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இந்தப் பெருசு பெரியவனுக்கு. நத்தையாட்ட இருக்கறது சின்னவனுக்கு. ஆளுக்கொண்ணு, சரியாப் போச்சு.”

அது ரெண்டும் சேர்ந்தால்தான் ஒரு வண்டி மாமா என்று எங்களில் ஒருவன் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வீம்பு. வீம்பில் எனக்கே அண்ணன் அவன்.

பாகம் பிரிந்த பிறகு குணாவுக்குப் போர்வெல் வண்டித் தொழில். மழைக்காலத்தில் மட்டும்தான் சத்தீஸ்கரிலிருந்து ஊர் திரும்புவான். இந்த வெள்ளிக்கிழமை வண்டி கிளம்புகிறது. போனால் எட்டு மாசம்.

எனக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான். டர்போ எக்கேடோ கெட்டுப் போகட்டும். அண்ணா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். ஆனால் முதலில் பேசுவது அவனாக இருக்க வேண்டும். பெரியவன் நானா போய்க் கெஞ்சுவேன்?

“நீங்க முதல்ல கூப்புட்டா வாய் கோணிக்குங்களா?”

அடுப்படி ஜன்னலிலிருந்து என் பெண்டாட்டி நர்மதா கேட்டாள். காதில் விழாத மாதிரி நின்றேன்.

பத்து நிமிஷம் போனது. இன்ஜின் இருமிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் ஒரு தும்மல்கூட இல்லை.

கல்நெஞ்சுக்காரன். மண்டபத்து ஜெனரேட்டருக்கு ஓடத் தெரிந்தது, அண்ணன் இன்ஜினுக்கு ஓடிவரத் தெரியவில்லை. போ, போய்த் தொலை என்று அணைக்கக் கையை நீட்டினேன்.

அப்போதுதான் ஒரு விசில்.

சுவருக்குப் பின்னாலிருந்து மெல்லியதாகக் கிளம்பி, ஏறி ஏறி வந்தது. எங்கள் டர்போ! டயருக்குக் காற்றடிக்கிற குழாயை அதன் வாய்க்குள் விட்டுச் சுற்றுகிறான்.

இந்தப் பக்கம் இன்ஜின், அந்தப் பக்கம் டர்போ. ரெண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதை அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேட்கிறேன். மேலெல்லாம் புல்லரித்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. நர்மதா கேட்டால் பெட்ரோல் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த நொடிதான் ஆயில் ஞாபகம் வந்தது.

டர்போவுக்குள் சொட்டு ஆயில் இருக்காது. மூன்று வருடம் சும்மா கிடந்தது. காய்ந்தபடியே இந்த வேகத்தில் சுற்றினால் பேரிங் தேய்ந்து பொடிப் பொடியாகிவிடும். விசில் இன்னும் ஏறியது. ஐயோ, மடையன், மடையன்!

“டேய் குணா! ஆயில் இல்லாமச் சுத்தாதடா சாமி, பேரிங் போயிரும்!”

கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. பேசிவிட்டேன்.

விசில் நின்றது. அவ்வளவு உடனே. நான் வாயை முழுதாக மூடுவதற்குள் நின்றுவிட்டது.

நானும் இன்ஜினை அணைத்தேன்.

“எங்கூட்டுல ஆயில் இல்லீங்ணா. கொண்டாந்து ஊத்துங்க.”

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. அவனேதான்.

போர்வெல் வண்டிக்காரன் வீட்டில் ஆயில் இல்லையாம்! வெள்ளிக்கிழமைப் பயணத்துக்கென்று முந்தாநாள்தான் மூன்று பேரல் ஆயில் இறக்கினார்கள். மொட்டை மாடியில் நின்று அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதா? நான் நின்றது அவனுக்கும் தெரியும். நிமிர்ந்து பார்த்தானே.

செருப்பு மாட்டக்கூடத் தோன்றவில்லை. ஆயில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, ரோட்டைச் சுற்றி அவன் வீட்டுக்கு ஓடினேன்.