தொட்டிக்குப் படுக்கை

மண்புழுத் தொட்டியின் அடியில் தேங்காய் நாரும் வாழைச் சருகும் பரப்பியாகிவிட்டது. மேலே சாணி போட்டால் படுக்கை முடிந்துவிடும். ஆனால் பக்கத்து வீட்டு முனிரத்தினம் கொண்டுவந்து வைத்த சாணிக் கூடையைப் பச்சையம்மாள் இன்னும் தொடவில்லை. போன முறை அவன் சாணியைப் போட்ட பிறகுதான் தொட்டிப் புழு மொத்தமும் செத்துக் கிடந்தது. “மாட்டுக்குப் புழு மருந்து ஊத்தினியா?” என்கிறாள். “நானா? இல்லக்கா. சும்மா சந்தேகப்பட்டுக்கினு கீறியே, ஆறின சாணிதான், போடு.” காலை வெயில் கூடையின் மேல் சாய்ந்து விழுகிறது. அவள் ஓர் உருண்டைச் சாணியை ஈரச் சாக்கின் மேல் வைத்து, பக்கத்தில் இரண்டு புழுக்களை விடுகிறாள். அவை நீண்டு வந்து சாணியைத் தொடுகின்றன. உடனே சுருங்கித் திரும்புகின்றன. “வெயில் கூசுதுக்கா.” அவள் முந்தானையை விரித்து நிழல் பிடிக்கிறாள். நிழலிலும் அவை சாணியை ஒதுக்கிவிட்டுச் சாக்கின் விளிம்புக்கே ஊர்கின்றன. இப்போது அவள் புழுக்களைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்க்கிறாள். அவன் கூடையில் பிரிந்து நிற்கும் நாரைத் திருகித் திருகி அறுக்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் மாடு ஒருமுறை கத்துகிறது. “இன்னிக்கி ஊத்தலக்கா,” என்கிறான் கடைசியில். “முந்தாநேத்து ஊத்தினதுதான்.”